மீந்துபோன முப்பத்தைந்து லிட்டர்

நான் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் எழுத்தராக இருக்கிறேன். குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுவதுதான் என் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக இதையே செய்து வருவதால், எங்கே போனாலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு திரும்பியது என்று மனம் தானாகவே கணக்குப் பார்த்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உடற்பேறு குறைந்த பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திய குதூகல நாள் முடிந்தபோதும் அப்படித்தான் கணக்குப் பார்த்தேன். காலையில் 60 லிட்டர் ரோஸ் சிரப் கலக்கி, ஐஸ் போட்டு வைத்திருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு மூடியைத் திறந்து பார்த்தால் 35 லிட்டர் அப்படியே இருந்தது. அன்று தார்ச்சாலையில் கானல் ஓடும் அளவுக்கு வெயில் அடித்தது. பிள்ளைகளும் குடும்பத்தினரும் தொண்டர்களுமாக ஏறக்குறைய 140 பேர் வந்திருந்தார்கள். இருந்தும் நான் வேறெதையும் யோசிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "பானம்: மிகுதி. அடுத்த முறை குறைக்கலாம்" என்று எழுதினேன். சிக்கனமாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவுகூட எனக்கு இருந்தது.

மீந்ததைக் கொட்ட மனம் வரவில்லை. காலி மினரல் பாட்டில்களில் ஊற்றி, கிளம்பிக்கொண்டிருந்த குடும்பங்களிடம் கொடுக்கலாம் என்று இரண்டு கைகளிலும் பாட்டில்களோடு வெளியே வந்தேன். அங்கே, வேனுக்கு அருகே, எங்கள் பட்டியலில் பதினேழாவதாக இருந்த பையனின் அம்மா நின்றிருந்தார். பையனுக்கு வயது பதினைந்து, மூளை முடக்குவாதம். அவனைப் பற்றியும் அந்த அம்மாவைப் பற்றியும் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னார். அந்த வேனருகே நாங்கள் பேசியது ஐந்து நிமிடங்கள்கூட இருக்காது. ஆனால் அதன்பிறகு எந்த நற்பணி நிகழ்ச்சிக்குப் போனாலும் மேடையைப் பார்க்க எனக்குத் தோன்றுவதில்லை. மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் கண் தேடுகிறது.

சாய்தளத்தின் பெருமை

நாங்கள் ஒன்றும் ஏனோதானோவென்று இறங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவில் ஒன்பது பேர். எல்லாரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, பின்னர் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தலைவர் அண்ணன் சொந்தமாக லோரி வைத்திருப்பவர். பொருளாளர் ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். நான்கு மாதம் முன்பே கூட்டம் போட்டோம். பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது. ஓ.கே.யு. கார்டு, அதாவது உடற்பேறு குறைந்தோருக்கான அடையாள அட்டை, வைத்திருப்பவர்களின் பட்டியலைச் சமூக நல இலாகாவிடம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஆகவே கோயில் அறிவிப்புப் பலகை, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், வாய்வழிச் செய்தி என்று மூன்று வழிகளில் தேடி, 31 பிள்ளைகளைச் சேர்த்தோம். மேடைத் துணியில் எந்தச் சொல்லைப் போடுவது என்று மட்டும் ஒரு மாலை முழுக்க வாதம் நடந்தது. இங்குள்ள நாளிதழ்கள் எழுதும் 'உடற்பேறு குறைந்தோர்' என்பதா, தமிழ்நாட்டிலிருந்து வந்து இப்போது இளையோர் வாயில் நிலைத்துவிட்ட 'மாற்றுத்திறனாளி' என்பதா? கடைசியில் 'நம் பிள்ளைகள்' என்று போட்டோம். அழகாகத்தான் இருந்தது. வீட்டில் பெற்றோர் சொல்வது என்னவோ 'ஓ.கே.யு. பிள்ளை' என்பதுதான்.

பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையத்தில் வேலை செய்யும் மலாய்க்கார ஆசிரியை ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். திரெங்கானுவில் உள்ள பத்து ராக்கிட்டில் 1984-இல் சோதனையாகத் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. சிறு ஊர்களில் இப்பிள்ளைகளைத் தினமும் கையால் தொட்டு அறிந்தவர்கள் அந்த நிலையத்தார்தான். அந்தச் சிக்கு (மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம்) எங்கள் திட்டத்தை வாசித்துவிட்டு முதலில் கோடு போட்டு அடித்தது பலூன்களை. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்து, சிறு வயதிலிருந்தே பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளான பிள்ளைகளில் பலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கும் என்றும், சாதாரண ரப்பர் பலூன் பட்டாலே மூச்சுத் திணறல்வரை போகலாம் என்றும் சொன்னார். ரப்பர் பால் சம்பாத்தியத்தில் வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அடுத்து, காற்றடைத்த குதிக்கும் கோட்டையை அடித்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டும் தளர்வாக இருக்கும் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் குதிக்க விடக்கூடாதாம். மூன்றாவதாக உறுமி மேளம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் காதில் ஊசி இறக்குவது போலிருக்கும் என்றார். ஆனால் உறுமி இல்லாமல் சுங்கை சிப்புட்டில் ஒரு விழாவா என்று இளைஞர்கள் முரண்டு பிடித்ததால், மண்டபத்துக்கு வெளியே பத்து நிமிடம் மட்டும் அடிப்பது, அந்த நேரத்தில் கதவடைத்த ஓர் அறையில் விரும்பியவர்கள் அமைதியாக இருப்பது என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம்.

எங்கள் உச்சகட்டப் பெருமை சாய்தளம். கோயில் மண்டபத்துக்கு மூன்று படிகள்; ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்று படித்திருந்தேன். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 540 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 'ரெண்டு பலகையப் போட்டு நாலு பேரு தள்ளினா ஏறிடும்' என்று சொன்னவர்களிடம், தள்ளுவதற்கும் தானாக ஏறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு வாரம் விளக்கினேன். தலைவர் அண்ணனுக்குத் தெரிந்த ஒட்டுப்பட்டறைக்காரர் ஒருவர் இரும்புச் சட்டம் கட்டி, மேலே ஒட்டுப்பலகை அடித்து, சரியாக 5.4 மீட்டரில் செய்து கொடுத்தார். முந்தின நாள் இரவு நானே ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, என் கையாலேயே உருட்டி மேலே ஏறிப் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருக்கிறது.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கழிவறைக்கும் ஒரு படி உண்டு. அதன் கதவு 58 சென்டிமீட்டர் அகலம். நான் உருட்டி ஏறிய நாற்காலி 63. உள்ளே குந்தும் வகைப் பீங்கானும் ஒரு வாளியும்தான். இதையெல்லாம் நான் அளந்தது பிறகுதான். அந்த இரவு, சாய்தளத்தின் மேலே நின்றபடி, எனக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை.

வேனருகே

நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் பத்தேகாலுக்கு வந்தார். அதுவரை பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தோம். அதில் எனக்கும் பங்குண்டு. மனிதரைவிட நீளமான மாதிரிக் காசோலையோடு படம் எடுத்தார்கள். வர்ணம் தீட்டுதல், மணலில் ஒளித்த பொருளைத் தேடுதல், மீன் பிடிக்கும் விளையாட்டு, பாட்டு, மீகூன் என்ற அரிசிச் சேமியா, கோழிக்கறி. உறுமி அடித்தபோது கதவடைத்த அறைக்குள் ஐந்து பிள்ளைகள் போனார்கள். பதினேழாம் எண் பையன் போகவில்லை; அவன் நாற்காலியை உறுமிக்காரர்களுக்கு மிக அருகில் நிறுத்தச் சொல்லி, உடம்பெல்லாம் அதிரச் சிரித்தான். எங்கள் சுவரொட்டிக்கு ஏற்ற படம் அதுவாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

அந்தச் சிரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மூன்று மணிக்கு பாட்டிலை நீட்டினேன். "இந்தாங்க அக்கா, தம்பிக்குக் குடுங்க, வெயிலா இருக்கு" என்றேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, மூடியைத் திறக்காமல் இருக்கையில் வைத்தார். "வீட்டுக்குப் போயி குடுத்துக்கிறேன் தம்பி" என்றார். ஐஸ் கரைந்துவிடும், இப்போதே கொடுங்கள் என்று நான் விடாமல் சொன்னேன். அன்போடு வற்புறுத்துவதாக அப்போது எனக்கு எண்ணம். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "காலையில ஆறு மணிக்கு ரெண்டு கரண்டி மைலோ குடுத்தேன். அதுக்கப்புறம் ஒண்ணும் குடுக்கல. வெளியே கெளம்புற நாள்னா நான் இவனுக்குத் தண்ணி குடுக்குறதில்ல தம்பி. குடிச்சா போவான். போனா மாத்தணும். எங்க வச்சு மாத்துறது?" என்றார். குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. மழை வரும்போல் இருந்தால் குடை எடுத்துக்கொள்வேன் என்று சொல்வது போல்தான் சொன்னார்.

அப்படியும் ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்ததாம். மண்டபத்துக்குள் நாங்கள் அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்திக்கொண்டிருந்த நேரம். கழிவறைக்குள் நாற்காலி போகவில்லை. தரையில் கிடத்தலாம் என்றால் தரை முழுக்க ஈரம். ஆகவே வேனின் பின் இருக்கையில் பழைய விரிப்பைப் போட்டு, பன்னிரண்டு வயது மகள் கதவோரம் நின்று ஒரு கைலியை விரித்துப் பிடிக்க, இவர் உள்ளே முட்டிபோட்டுக் குனிந்து மாற்றியிருக்கிறார். பையனின் எடை 38 கிலோ. என் மேடையில் வந்து இறங்கும் செம்பனைக் குலைகளில் கனமானது 25 கிலோ இருக்கும். அதைத் தூக்க வாட்டசாட்டமான ஆளுக்கே கம்பி வேண்டும். இவர் முன்பு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர், ஒல்லியான தேகம். அந்த 38 கிலோவைத் தனியாக நாற்காலியிலிருந்து வேனுக்கும் வேனிலிருந்து நாற்காலிக்கும் மாற்றியிருக்கிறார். பதினைந்து வயதுப் பையன், மீசை அரும்பியிருக்கிறது, அப்போது அந்தப் பக்கம் உறுமிக்காரப் பையன்கள் சிகரெட் பிடிக்க வந்துவிட்டார்களாம். "இவனுக்கு எல்லாம் புரியும் தம்பி. பேசத்தான் வராது. கண்ண இறுக்கி மூடிக்கிட்டான்" என்றார். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே மனம் இளகிவிட்டது போலும், "ஆனா நல்லா செஞ்சீங்க. மேளத்துக்கு எப்படிச் சிரிச்சான் பாத்தீங்கல்ல?" என்று என்னைத் தேற்றினார்.

வேன் கிளம்புவதற்கு முன் இன்னும் ஆறு தாய்மாரிடம் கேட்டேன். கேட்கும் முறைகூட எனக்குத் தெரியவில்லை; தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். நால்வர் அதே பதிலைச் சொன்னார்கள். ஒருவர், பிள்ளைக்கு மட்டுமில்லை, தானும் குடிப்பதில்லை என்றார். தான் கழிவறைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? மீந்த 35 லிட்டரின் கணக்கு எனக்கு அப்போதுதான் நேராயிற்று. வேளாவேளைக்குக் குடித்தவர்கள் நாங்கள், அதாவது தொண்டர்களும் விருந்தினர்களும்தான்.

சட்டையின் அளவு

அன்றிரவு எங்கள் பதிவுப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். பிள்ளையின் பெயர், வயது, ஓ.கே.யு. கார்டு வகை, சைவமா அசைவமா, பிடித்த பாடல், டி-சட்டையின் அளவு. சட்டைக்கு மட்டும் குழந்தை அளவில் நான்கும் பெரியவர் அளவில் ஐந்துமாக ஒன்பது கட்டங்கள். சட்டையில் ஆதரவாளர் ஒருவரின் சின்னம் பதிக்கவேண்டி இருந்ததால், அளவு தவறிவிடக்கூடாதென்று மிகவும் கவனமாக இருந்தோம். இந்தப் பிள்ளை எப்படிச் சாப்பிடும், எதைக் கண்டால் பயப்படும், எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று ஒரு கட்டம்கூட இல்லை. நாங்கள் அந்தப் பிள்ளைகளை விரும்பாதவர்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்த பிள்ளை, சிரிக்கும் பிள்ளை. அதற்கு மேலே சட்டை, கையில் பரிசு. அந்தச் சட்டைக்குள் ஓர் உடம்பு இருக்கிறது, அது ஆறு மணிநேரம் எங்கள் பொறுப்பில் இருக்கப் போகிறது என்பதை எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இதை யோசிக்கும்போது எனக்கு நான் பிறந்த தோட்டத்து ஆயாக் கொட்டகை நினைவுக்கு வரும். அங்கே நடக்க வராத ஒரு பையன் இருந்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அம்மா பால் வெட்டப் போகும் முன் அவனை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார். ஏழெட்டு வயதிலும் உத்தரத்தில் கட்டிய துணித் தொட்டிலில்தான் கிடப்பான். ஆயா எங்களைப் போலவே அவனையும் பொதுக் குழாயடியில் வைத்துக் கழுவிவிட்டு, வெயிலில் கிடத்துவார். அது யாருக்கும் காட்சியாகவோ வெட்கமாகவோ தோன்றியதில்லை. தோட்டத்தைச் சொர்க்கமாக்கிப் பேசும் பழக்கம் எனக்கில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: அந்தப் பையனை நாங்கள் எல்லாரும் 'சப்பாணி' என்றுதான் கூப்பிட்டோம், அவனுடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவன் இருந்தான். அவனுக்கு மாற்றுத் துணி எங்கே இருக்கிறது என்பதுவரை பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தது. பிறகு தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பெரும்பாலோர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். நாலைந்து மாடி, மின்தூக்கி கிடையாது. பதினேழாம் எண் பையனின் வீடு இரண்டாம் மாடி. அவன் கீழே இறங்குவது மருத்துவமனைத் தவணைக்கும், எங்களைப் போன்றவர்கள் கூப்பிட்டால் அதற்கும் மட்டும்தான். அப்படி அபூர்வமாக இறங்கும் நாளில்தான் அவனுக்குத் தண்ணீர் கிடையாது.

நான் மருத்துவன் இல்லை. சிக்குவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு விழுங்குவதே சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், நேரமெடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால் சாதாரண நாளிலேயே அவர்கள் உடம்புக்குப் போகும் நீர் குறைவு. அசைவும் குறைவு என்பதால் மலச்சிக்கல் ஓயாத தொல்லை. நீர் மேலும் குறைந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடும். ஒரு நாள் பட்டினி கிடக்கும் பிள்ளையைக் கண்டால் ஊரே பதறும். ஒரு நாள் தாகத்தோடு இருக்கும் பிள்ளை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கையில் மீகூன் தட்டு இருக்கிறது, முகத்தில் சிரிப்பு இருக்கிறது, படமும் எடுத்தாயிற்று.

நம் நாட்டில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008 என்று ஒன்று உண்டு. சட்ட எண் 685. பொது வசதிகளையும் கட்டடங்களையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அதன் 26-ஆம் பிரிவும், பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் கலந்துகொள்ளும் உரிமையை 32-ஆம் பிரிவும் சொல்கின்றன. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை என்பது நெடுநாளைய குறை. ஆனால் எங்கள் ஊர் மண்டபத்தின் 58 சென்டிமீட்டர் கதவுக்கு நான் சட்டத்தைக் குறை சொல்லப் போவதில்லை. ஒரு அளவுநாடாவை நீட்டியிருந்தால் போதும். பிரிட்டனில் 2006-இல் ஓர் இயக்கம் தொடங்கி, வளர்ந்தவர்களைப் படுக்கவைத்து உடை மாற்றும் மேடையும் தூக்கும் கருவியும் கொண்ட பொதுக் கழிவறைகளைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பரிந்துரைக்கப்படும் அளவு 12 சதுர மீட்டர், அதாவது மூன்றுக்கு நான்கு. நான் பிறந்த லயத்து வீட்டின் படுக்கையறை அதைவிடப் பெரிதாக இருந்திருக்காது.

கட்டில் வந்த விதம்

அறிக்கை வாசிக்கும் கூட்டத்தில் 'பானம்: மிகுதி' என்ற வரியைக் கிழித்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர் அண்ணன், "ஒரு நாள் சந்தோஷமா வச்சிருந்து அனுப்புறோம். அதுக்கு மேல நாம என்ன ஆஸ்பத்திரியா நடத்துறோம்?" என்றார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக இரண்டு நாள் லோரி ஓட்டத்தை விட்டவர் அவர். சாய்தளத்துக்கு இரும்பு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர் கேட்ட கேள்வி எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. எவ்வளவு செய்தாலும் ஒன்று குறைகிறது என்றால், ஒன்பது பேர் கொண்ட குழு எங்கே போய் முட்டிக்கொள்வது? பொருளாளர் கணக்கை விரித்தார். மொத்தச் செலவு 6,840 ரிங்கிட். அதில் 120 சட்டைகளுக்கு மட்டும் 1,920. "சட்டைய விட்டுட்டா?" என்று அவர் கேட்டதுதான் அந்தக் கூட்டத்தில் நடந்த உருப்படியான காரியம். சட்டை இல்லை என்றால் அந்த ஆதரவாளர் வரமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். வரவும் இல்லை.

அடுத்த தடை இடம். மண்டபத்தில் அகலமான கதவுள்ள ஒரே அறை, மடப்பள்ளிக்கு ஒட்டினாற்போல இருக்கும் சாமான் அறை. ஆலய நிர்வாகத்திடம் கேட்டோம். சாமிக்குப் பிரசாதம் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் அதெல்லாம் ஆகாது என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்கள். எனக்கு அப்போது கோபம் வந்தது உண்மை. குழந்தைக்கு வராத தீட்டு வளர்ந்த பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இருந்தாலும் சண்டை போட்டு வாங்கிய அறைக்குள் எந்த அம்மா நிம்மதியாக நுழைவார்? ஆகவே மண்டபத்தின் பக்கவாட்டில், நான்கு புறமும் மறைப்புள்ள ஒரு கூடாரத்தை 380 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு எடுத்தோம். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர். தரைக்கு ஒட்டுப்பலகை, இரண்டு மின்விசிறி, குழாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாய், மூடியுள்ள குப்பைத்தொட்டி, கையுறை, ஒரு பெட்டி நிறையப் பெரிய அளவு பேம்பர்ஸ். இன்னும் கிடைக்காதது கட்டில் ஒன்றுதான். வாடகைக்குக் கேட்ட இடங்களில் ஒரு நாளுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நிகழ்ச்சிக்கு முந்தின சனிக்கிழமை மாலை தலைவர் அண்ணனின் லோரி வந்து நின்றது. பின்னால் ஒரு மருத்துவமனைக் கட்டில் கிடந்தது. அவருடைய அப்பா படுத்தபடுக்கையாய்க் கிடந்து, அதற்கு முந்தின ஆண்டு காலமானது எங்களுக்குத் தெரியும். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலை இறக்கிவைத்து, துணியால் தானே துடைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் ஆண்டு பிள்ளைகள் குறைவு, 27 பேர்தான். நேரத்தையும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டரைவரை என்று சுருக்கிவிட்டோம். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. படிவத்தில் சட்டை அளவு இருந்த இடத்தில் ஐந்து புதிய கேள்விகள்; கடைசிக் கேள்வி, 'நாங்கள் கேட்க மறந்தது என்ன?' வந்த பதில்களில் பாதி எங்களால் செய்ய முடியாதவை. கூடாரத்தில் மாற்ற உதவத் தெரிந்த பெண்கள் இருவரும் ஆண்கள் இருவரும் வேண்டும் என்று கேட்டபோது, பெண்கள் உடனே கிடைத்தார்கள். ஆண் ஒருவர்தான் முன்வந்தார். இரண்டாவது ஆளாக நான் நின்றேன். சிக்கு ஒரு மாலை முழுக்க எங்களுக்குத் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்: குனியாமல் முட்டியை மடக்குவது, பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டுத் தொடுவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது. பதினேழாம் எண் பையன் வந்திருந்தான். முதல் தடவை நான் அவனைத் தூக்கியபோது, போன ஆண்டு அவன் அம்மா சொன்னதுபோலவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இரண்டாம் தடவை பாதிதான் மூடினான்.

பத்து ஐம்பதுக்கு இளைஞன் ஒருவன் கூடாரத்தின் மறைப்புக்கு வெளியே நின்று கூப்பிட்டான். சிரப் தீர்ந்துவிட்டது. போன ஆண்டுக் கணக்கைப் பார்த்து, பொருளாளர் சொல்லியும் கேளாமல், அதே 60 லிட்டரைத்தான் நான் கலக்கச் சொல்லியிருந்தேன். 27 பிள்ளைகளுக்கு அது தாராளம் என்று நினைத்தேன். மோட்டாரில் ஆளை அனுப்பி ஐஸும் சிரப்பும் வாங்கிவரும்வரை இருபது நிமிடம் வெறும் பீப்பாய்தான். அறிக்கையில் 'பானம்: பற்றாக்குறை' என்று எழுதினேன்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் சங்கடத்தோடு நின்றேன். "அந்தக் கட்டில கொஞ்சம் கீழ எறக்க முடியுமா தம்பி? நாற்காலி உயரத்துக்கு வந்துட்டா தூக்காம நகத்திக்கலாம். இவன் இப்ப நாப்பத்து நாலு கிலோ. அடுத்த வருசம் இன்னும் ஏறிடுவான்" என்றார். நாங்கள் இருவரும் கூடாரத்துக்குள் போனோம். உயரத்தை மாற்றும் கைப்பிடி துருவேறி இறுகிப் போயிருந்தது. அளவுநாடாவை எடுத்து, அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கட்டிலையும் நாற்காலியையும் அளந்தேன். 71, 48 என்று இரண்டு எண்களையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.